பாரச் சைக்கிள்: பின்சில்லில் இருந்து பார்ப்போம்

மட்டக்களப்பு, அம்பாறைக் கரையோரத்தில் சைக்கிளில் பாரம் ஏற்றுவது புதிய விஷயம் இல்லை. விடியக் காலையில் மீன்பெட்டியோடு ஒழுங்கை ஒழுங்கையாகப் போகிற வியாபாரி, வட்டைக்கு உரப்பையும் மண்வெட்டியும் கட்டிக்கொண்டு போகிற விவசாயி, மருதமுனைச் சாரன்களைக் கட்டாகக் கட்டி வீடு வீடாக விற்கிறவர், பாலர் பாடசாலை வாசலில் முன்னால் ஒன்று பின்னால் ஒன்று என்று பிள்ளைகளை இறக்கிவிடுகிற அம்மா: எல்லோரும் செய்வது ஒரே வேலைதான். ஆனால் அவர்களிடம் இருக்கிற சைக்கிள்களில் பெரும்பாலானவை ஓர் ஆள் ஏறிப் போவதற்காகச் செய்யப்பட்டவை. கரியரில் ஒரு பலகையைப் பூட்டி, அதன்மேல் பெட்டியை வைத்து, பழைய டியூபால் இறுக்கிக் கட்டிவிட்டால் போதும் என்று நினைத்துவிடுகிறோம். கம்பி உடைவதும், பிறேக் பிடிக்காமல் போவதும், பிள்ளையின் கால் சில்லுக்குள் மாட்டுவதும் அங்கேயிருந்துதான் தொடங்குகின்றன.

புதிதாக ஒன்று வாங்கினாலும் சரி, இருப்பதை வெல்டிங் கடையில் கொடுத்து மாற்றினாலும் சரி, முதலில் பார்க்கவேண்டியது பின்சில்லு. பெட்டி எவ்வளவு பெரிது, மோட்டார் உண்டா என்பதெல்லாம் அதற்குப் பிறகு.

நம்முடைய நிலம் இந்த வேலைக்குத் தோதானது. வெருகல் தொடங்கிப் பொத்துவில் வரை கரையோரத்தில் ஏற்றம் என்று சொல்ல அநேகமாக ஒன்றும் இல்லை. பாலங்களில்தான் கொஞ்சம் ஏறி இறங்க வேண்டும். மட்டக்களப்பு நகரில் இருந்து காத்தான்குடி ஐந்தாறு கிலோமீற்றர். காரைதீவு, சாய்ந்தமருது, கல்முனை எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிய ஊர்கள். ஒருவர் நாளாந்தம் பாரத்தோடு போய்வரும் தூரம் பெரும்பாலும் பத்துக் கிலோமீற்றருக்குள் அடங்கிவிடும். கல்லடியில் 2013இல் புதிய பாலம் திறந்த பிறகு, 1924இல் கட்டிய லேடி மானிங் பாலத்தில் பெரிய வாகன நெரிசல் இல்லாமல் சைக்கிளில் போக முடிகிறது. 2014இல் மண்முனைப் பாலம் வந்ததால் வாவிக்குக் கிழக்கே இருக்கிற எழுவான்கரையில் இருந்து மேற்கே இருக்கிற படுவான்கரைக்குச் சைக்கிளிலேயே வாவியைக் கடக்கலாம். குருமண்வெளியில் இருந்து மண்டூர் போகிறவர்களுக்கு இன்னும் 'பாதை' என்கிற மிதவைதான். அதில் பாரத்தோடு சைக்கிளை நிறுத்தி வைக்க வேண்டியிருப்பதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

2022இல் பெற்றோல் இல்லாமல் போனபோது இந்த வசதியின் அருமை எல்லோருக்கும் தெரிந்தது. பெற்றோலைப் பங்கிட்டுக் கொடுக்கும் கியூஆர் முறை தொடங்கியபோது மோட்டார் சைக்கிளுக்கு வாரத்துக்கு 4 லீற்றர், முச்சக்கர வண்டிக்கு 5 லீற்றர். 2023 செப்டெம்பரில் அந்தக் கட்டுப்பாடு நீங்கியது. அந்த மாதங்களில் துருப்பிடித்துக் கிடந்த சைக்கிள்களை எடுத்துத் துடைத்தவர்கள் பலர். சைக்கிள் கடைக்காரருக்கு ஓய்வில்லை. ஆனால் அதுவரை மோட்டார் சைக்கிளில் ஏற்றிய அதே பாரத்தை அப்படியே சாதாரணக் கரியரில் ஏற்றியதால் எத்தனையோ பின்சில்லுகள் நெளிந்தன.

அதற்கும் முன்னால், சுனாமிக்குப் பிறகு நடந்த ஒன்றை இங்கே சொல்லவேண்டும். அமெரிக்காவில் ஸ்ராம் என்ற சைக்கிள் உதிரிப்பாக நிறுவனத்தைத் தொடங்கியவர்களில் ஒருவரான எப். கே. டேயும் அவருடைய மனைவி லீயா மிஸ்பாக் டேயும், 2005இல் வேர்ல்ட் பைசிக்கிள் ரிலீப் என்ற அமைப்பை ஆரம்பித்தார்கள். அதன் முதல் வேலை இலங்கையில்தான்: சுனாமியில் எல்லாம் இழந்தவர்களுக்கு இருபத்துநாலாயிரத்துக்கு மேற்பட்ட சைக்கிள்களைக் கொடுத்தார்கள். பிறகு ஆபிரிக்காவுக்குப் போய், கிராமத்துப் பாதைக்கென்றே 'பபலோ' என்ற சைக்கிளை உருவாக்கினார்கள். இருபது கிலோவுக்கு மேல் எடை, இரும்புச் சட்டம், 100 கிலோ தாங்கும் கரியர், பெடலைப் பின்னோக்கி மிதித்தால் பிடிக்கும் பிறேக். மினுக்கம் ஒன்றும் இல்லை. பாரச் சைக்கிளுக்கு எது வேண்டும் என்று தெரிந்துகொள்ள அந்தச் சைக்கிளைப் பார்த்தாலே பாதி விஷயம் விளங்கும்.

சரி, பின்சில்லுக்கு வருவோம்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். சைக்கிள் 20 கிலோ, ஓட்டுகிறவர் 65 கிலோ, மீனும் ஐசும் பெட்டியும் சேர்ந்து 60 கிலோ என்று வைப்போம். மொத்தம் 145. ஓட்டுகிறவரின் எடையில் பாதிக்கு மேல் பின்னால்தான் இறங்குகிறது; பெட்டி அச்சுக்கு நேர் மேலே இருந்தால் அதன் 60 கிலோவும் முழுசாகப் பின்னால். ஆக பின்சில்லுக்கு 110 கிலோ அளவு, முன்சில்லுக்கு 35. பெட்டியின் நடு, அச்சில் இருந்து ஒரு சாண் பின்னால் தள்ளிப் போனால் நிலைமை இன்னும் மோசம். முன்சில்லில் இருந்து பத்துக் கிலோ அளவு கழன்றுவிடும். ஹேண்டில் லேசாகி ஆடத் தொடங்குவது இதனால்தான். காற்று அடிக்கிற நாளில் பாலத்தில் போகும்போது அந்த ஆட்டம் உயிருக்கே உலை வைக்கும்.

சாதாரண சைக்கிளோடு வரும் மெல்லிய கரியர்களில் பெரும்பாலானவை 25 கிலோவுக்குக் கணக்கிட்டவை. ஒரு 12.5 கிலோ காஸ் சிலிண்டர், இரும்பின் எடையும் சேர அதைத் தாண்டிவிடும். கரியர் உடையாவிட்டாலும் அதன் கால்களைப் பிடிக்கும் சின்ன ஆணிகள் தளர்ந்து, ஒருநாள் அறுந்து, முழுப் பாரமும் டயரில் குந்தும். பெரிய வேலைக்குத் தடித்த இரும்புக் குழாயில் கரியர் செய்து, கால்களை அச்சிலேயே மாட்டுவது நல்லது. சட்டத்தின் நடுவில் துளை போட்டு மாட்டக்கூடாது.

கரியர் சரியானால் அடுத்து கம்பிகள். பின்சில்லில் கம்பி உடைவது பெரும்பாலும் பற்சக்கரம் இருக்கிற பக்கம், அச்சோடு வளைந்து மாட்டும் இடத்தில். அந்தப் பக்கக் கம்பிகள் நிமிர்வாக, அதிக இறுக்கத்தோடு நிற்கின்றன. ஒரு கம்பி தளர்ந்தால் அதன் வேலை பக்கத்துக் கம்பிக்குப் போகும். சில நாளில் அதுவும் போகும். ஒன்று உடைந்தால் மாற்றலாம். அடுத்தடுத்து இரண்டு மூன்று உடைந்தால் தனித்தனியாக மாற்றிக்கொண்டிருப்பது காசைக் கரைக்கும் வேலை. அந்தச் சில்லின் கம்பிகள் எல்லாம் களைத்துவிட்டன என்று அர்த்தம். முழுசாகப் பிரித்து, 2 மில்லிமீற்றர் கம்பிக்குப் பதிலாக 2.3 அல்லது 2.6 மில்லிமீற்றர் கம்பி போட்டு, 36 அல்லது 40 துளை உள்ள றிம்மில் கட்டுவதுதான் வழி. மேல்பார் உள்ள பழைய பெரிய 'பார்' சைக்கிள்களில் முன்னால் 32, பின்னால் 40 கம்பி இருந்தது. அன்றைக்கே பின்சில்லின் பாரம் தெரிந்துதான் செய்திருக்கிறார்கள்.

கம்பியின் இறுக்கத்தைப் பார்க்க ஆயுதம் எதுவும் தேவையில்லை. சைக்கிளை ஸ்டாண்டில் போட்டு, பின்சில்லை மெல்லச் சுற்றி, ஒவ்வொரு கம்பியாக விரலால் மீட்டிப் பாருங்கள். ஒரே பக்கக் கம்பிகள் அநேகமாக ஒரே சத்தம் தரவேண்டும். ஒன்று மட்டும் 'டொக்' என்று மந்தமாகக் கேட்டால் அதுதான் தளர்ந்த கம்பி. அன்றைக்கே இறுக்கிவிட்டால் சில்லு தப்பும்.

டயர் அகலமாக இருப்பது நல்லது, சட்டத்துக்குள் எவ்வளவு அகலம் போகுமோ அவ்வளவு. நாவலடிப் பக்க மணல் ஒழுங்கையில் ஒல்லி டயர் புதையும். படுவான்கரையின் கிரவல் ரோட்டில் ஒல்லி டயர் கல்லில் அடிபட்டு றிம்மை நெளிக்கும். டயரின் பக்கத்தில் அதிகபட்சக் காற்றழுத்தம் அச்சிட்டிருக்கும். பாரம் ஏற்றும்போது பின்டயரை அந்த அளவுக்கு அருகில் வைத்திருங்கள். 'கொஞ்சம் காத்து இல்ல, பரவாயில்ல' என்று 60 கிலோவோடு போவதுதான் பாம்பு கடித்ததுபோல் டியூபில் இரட்டை ஓட்டை விழக் காரணம்.

இனி எந்த வகைச் சைக்கிள் என்று பார்ப்போம். உலகத்தில் பாரச் சைக்கிள்கள் சில குடும்பங்களாக இருக்கின்றன. ஹேண்டிலுக்கும் முன்சில்லுக்கும் நடுவில் தாழ்வாகப் பெட்டி வைப்பது டென்மார்க்கில் 1920களில் வந்த 'லோங் ஜோன்' வகை. முன்னால் இரண்டு சில்லு, நடுவில் பெட்டி என்பது மூன்று சில்லு வகை. கோபன்ஹேகனின் கிறிஸ்டியானியாவில் 1984இல் செய்த ஒன்று அந்த வகையில் பேர்பெற்றது. பின்பக்கத்தை நீட்டி, ஆசனத்துக்குப் பின்னால் நீண்ட கரியர் வைப்பது நீள்வால் வகை; சாதாரண சைக்கிளோடு பூட்டக்கூடிய நீட்டுச் சட்டத்தை எக்ஸ்ட்ராசைக்கிள் என்ற அமெரிக்க நிறுவனம் 1998 அளவில் கொண்டுவந்தது. இதைவிட, சைக்கிளுக்குப் பின்னால் இழுக்கும் இரண்டு சில்லு வண்டி.

நம்முடைய கரைக்கு நான் முதலில் சொல்வது நீள்வால் வகையைத்தான். பின்அச்சு 35, 40 சென்ரிமீற்றர் பின்னால் போவதால், அதே பெட்டி இப்போது இரண்டு அச்சுக்கும் நடுவில் வந்துவிடுகிறது. பாரத்தில் ஒரு பங்கை முன்சில்லும் ஏற்கும். ஹேண்டில் ஆட்டம் குறையும். இரண்டு பக்கமும் தண்ணீர்க் கேனோ உரப்பையோ தாழ்வாகத் தொங்கவிடலாம். ஓட்டுகிற விதம் மாறாது, சாதாரண சைக்கிள் ஓடத் தெரிந்தவர் ஏறி ஓடலாம். பின்னால் 20 அங்குலச் சில்லு போட்டால் கரியர் இன்னும் தாழும், சில்லும் பலமாகும். பிள்ளைகளின் சைக்கிளுக்கு உரிய அளவு என்பதால் டயரும் டியூபும் தேடி அலையத் தேவையில்லை. ஆனால் லேடீஸ் சைக்கிளை அறுத்து நீட்டாதீர்கள். மேல்பார் இல்லாத சட்டம் பாரத்தில் முறுகும். சேலையோடும் அபாயாவோடும் ஏறி இறங்கவேண்டிய அம்மாமாருக்குத் தாழ்ந்த சட்டம் வேண்டும் என்பது நியாயம்தான். அதற்குக் கீழே இரட்டைக் குழாய் வைத்துத் தடிப்பாகச் செய்த சட்டம் தேவை.

மூன்று சில்லு வண்டி நின்ற இடத்தில் விழாது. பழம், மரக்கறி, சிற்றுண்டி என்று ஓரிடத்தில் நிறுத்தி விற்கிறவருக்கு அதைவிட நல்லது இல்லை. ஓட்டும்போதுதான் சிக்கல். இரண்டு சில்லுச் சைக்கிள் வளைவில் சாயும், இது சாயாது. வேகமாகத் திருப்பினால் உள்சில்லு தூக்கும். ரோட்டின் ஓரச்சரிவு எப்போதும் கானின் பக்கம் இழுக்கும். மணல் ஒழுங்கையில் வாகனங்கள் போன இரண்டு தடம்தான் கெட்டியாக இருக்கும், மூன்றாவது சில்லு நடுவில் இருக்கிற இளக மணலில் உழுதுகொண்டு வரும். கொங்கிறீட் ரோட்டுக்குள் மட்டும் ஓடுகிறவர் எடுக்கலாம்.

இழுவண்டி, வாரத்துக்கு ஒருமுறை சீமெந்துப் பையோ தென்னங்கன்றோ ஏற்றுகிறவருக்குப் போதும். மற்ற நாளில் கழற்றி வளவுக்குள் வைத்துவிடலாம். அதில் இருக்கிற ஒரு நன்மை, பாரம் அதன் சொந்தச் சில்லில் இருப்பதால் உங்கள் பின்சில்லு தப்பிக்கொள்ளும். பாலத்தில் இறங்கும்போது முன்னால் தள்ளும், அதற்கு மட்டும் பிறேக்கை நேரத்தோடு பிடிக்க வேண்டும்.

பிறேக் என்றதும் ஒன்றை அழுத்திச் சொல்லவேண்டும். பார் சைக்கிளின் இரும்புத் தண்டால் இழுக்கும் பிறேக்கும் மினுங்குகிற இரும்பு றிம்மும் சேர்ந்தால், மழையில் பிறேக் இல்லாத மாதிரித்தான். ஈரமான இரும்பு றிம்மில் ரப்பர் வழுக்கும். ஆள் மட்டும் போகும்போது 85 கிலோ, பாரத்தோடு 145 கிலோ. அதே பிறேக், அதே வேகம் என்றால் நிற்க 1.7 மடங்கு தூரம் வேண்டும். மாரி மழையில் ஏ4 வீதியில், முன்னால் போகிற பஸ் திடீரென நிறுத்தினால் அந்தத் தூரம் உங்களுக்குக் கிடைக்காது. அலுமினிய றிம்முக்கு மாற்றி வீ பிறேக் பூட்டுவது, அல்லது சில்லின் நடுவில் மூடி இருக்கும் டிரம் பிறேக் போடுவது, இரண்டில் ஒன்றைக் கட்டாயம் செய்யுங்கள். டிஸ்க் பிறேக் நன்றாகப் பிடிக்கும். ஆனால் உப்பும் மணலும் படுகிற தொழிலுக்கு அடிக்கடி துப்புரவாக்கல் வேண்டும்.

கியர் இல்லாத சைக்கிளில் மலிவான ஒரு மாற்றம் இருக்கிறது. முன்பல் 44, பின்பல் 18 என்று வருவதைப் பின்னால் 22 ஆக மாற்றுங்கள். பெடல் ஒரு சுற்றுக்கு ஐந்தரை மீற்றர் போன சைக்கிள் நாலரை மீற்றர்தான் போகும், ஆனால் மிதிக்கும் பலம் ஐந்தில் ஒரு பங்கு குறையும். கச்சான் காற்று முகத்தில் அடிக்கும்போது படுவான்கரைப் பக்கம் பாரத்தோடு போய்ப் பார்த்தவருக்கு அதன் பெறுமதி தெரியும். முழங்காலும் நீண்ட காலம் உழைக்கும்.

ஸ்டாண்டைப் பற்றிச் சொல்வதாக இருந்தேன். ஒற்றைக் கால் ஸ்டாண்டில் நிற்கும் சைக்கிளில் பாரம் ஏற்றுவதுதான் கீழே விழுவதற்கு முதல் காரணம். அகலமான இரட்டைக் கால் ஸ்டாண்ட், பின்சில்லைத் தரையில் இருந்து தூக்குகிற மாதிரி வேண்டும். பாதையில் வாவியைக் கடக்கிறவர்கள் அதோடு முன்பிறேக்கையும் ஒரு ரப்பர்ப் பட்டியால் கட்டிவிட்டால் தளம் அசைந்தாலும் சைக்கிள் உருளாது. பிள்ளையை ஆசனத்தில் இருத்திவிட்டு, ஸ்டாண்டை நம்பிப் பின்னால் திரும்புவது மட்டும் வேண்டாம். எந்த ஸ்டாண்டும் பிள்ளைக்குக் காவல் இல்லை.

பிள்ளைகளை ஏற்றுகிற சைக்கிளில் நான் விட்டுக்கொடுக்காத ஒன்று உண்டு: சில்லை மூடும் வலை. கரியரில் குந்துகிற பிள்ளைக்குக் கால் வைக்க இடம் இல்லாவிட்டால் கால் தொங்கும். தூக்கம் வந்தால் உள்பக்கம் சாயும். கணுக்கால் கம்பிகளுக்கும் சட்டத்துக்கும் நடுவில் போய்விடும். சுற்றுகிற சில்லு தோலை உரிக்கும், குதிக்கால் பிய்யும், சில வேளை எலும்பும் முறியும். ஆறுவதற்கு வாரக்கணக்காகும் காயம் அது. இதைத் தடுக்க ஆகும் செலவு, கோழிக்கூட்டுக்குப் போடும் வலையில் ஒரு துண்டும் கொஞ்சக் கட்டுக்கம்பியும். இரண்டு பக்கமும், அச்சுக்குக் கீழே வரை மூட வேண்டும். வலையின் வெட்டு முனைகளை வெளியே நீட்டாமல் மடித்துவிடுங்கள். அதே வலை சேலைத் தலைப்பும் சால்வையும் சில்லில் சுற்றாமலும் காக்கும். அதற்குப் பிறகு, கால் வைக்க இரண்டு உறுதியான கட்டைகள், பிடிக்க ஒரு கைபிடி, சின்னப் பிள்ளைக்கு முதுகு தாங்கும் ஆசனமும் பட்டியும். கடையில் விற்கும் பின்ஆசனங்கள் பெரும்பாலும் 22 கிலோ வரைக்கும், முன்ஆசனங்கள் 15 கிலோ வரைக்கும் செய்யப்பட்டவை. அதற்கு மேல் வளர்ந்த பிள்ளைக்கு நீள்வால் கரியரில் மெத்தைதான் சரி. ஹெல்மெட் சின்னவருக்கு மட்டுமல்ல, ஓட்டுகிற அம்மாவுக்கும் அப்பாவுக்கும்தான்.

பராமரிப்பில் நம்முடைய எதிரிகள் இரண்டு பேர்: உப்பும் மணலும். மீன்பெட்டியைக் கிட்டப் போய்ப் பாருங்கள். ரெஜிபோம் பெட்டியின் மூலையில் ஒரு சின்ன ஓட்டை. ஐஸ் உருகி, மீனின் உப்புநீரோடு சேர்ந்து, அந்த ஓட்டையால் சொட்டுச் சொட்டாக இறங்குகிறது. அது விழுகிற இடம் பின்அச்சும் பற்சக்கரமும் செயினும். காலை ஆறு மணியில் இருந்து மத்தியானம் வரை அந்த உப்புநீர் அங்கேயே சொட்டினால், எந்த இரும்பு தாங்கும்? பெட்டியின் ஓட்டையில் ஒரு முழ ரப்பர்க் குழாயைச் செருகி, சில்லைத் தாண்டிப் பின்பக்கம் விட்டாலே செயினின் ஆயுள் கூடும். வியாபாரம் முடிந்து வந்ததும் ஒரு வாளி நல்ல தண்ணீர் ஊற்றிக் கழுவி, பழந்துணியால் துடைத்து, வெயிலில் கொஞ்ச நேரம் நிறுத்த வேண்டும்.

செயினுக்கு மோட்டார் சைக்கிளில் வடித்த கழிவு எண்ணெயைப் பூசுகிற பழக்கம் பரவலாக இருக்கிறது. துருவை அது தடுக்கும், உண்மைதான். ஆனால் தடிப்பான எண்ணெயில் கடற்கரை மணல் ஒட்டி, செயினையும் பற்களையும் அரம்போல அராவும். மண்ணெண்ணெயில் நனைத்த துணியால் முதலில் துடையுங்கள். அப்புறம் மெல்லிய எண்ணெயைக் கண்ணுக்குக் கண் ஒரு சொட்டு விட்டு, பெடலைச் சுற்றி, வெளியே வழிவதைத் துடைத்துவிடுங்கள். எண்ணெய் வேண்டியது உள்ளுக்குள், மேலே அல்ல.

வருடத்தில் இரண்டு தரம் அச்சுகளைத் திறந்து, உள்ளே உருளும் இரும்புக் குண்டுகளான போல்சையும் கிறீசையும் மாற்றுவது நல்லது. மாரி தொடங்குமுன் புரட்டாசியில் ஒருமுறை, மழை ஓய்ந்து மாசியில் ஒருமுறை. இடையில் வெள்ளத்துக்குள் சைக்கிளை உருட்டிப் போக வேண்டி வந்தால், அச்சு மூழ்கிய சைக்கிளுக்கு அந்தக் காலக்கணக்குப் பொருந்தாது. உடனே திறக்க வேண்டும். உள்ளே போன சேற்றுநீர் வெளியே வராது, போல்சைத் தின்றுவிடும்.

சட்டத்தையும் மாதம் ஒருமுறை கழுவித் துடைத்துவிட்டுக் கண்ணால் பாருங்கள். பொருத்துகளில், கரியர் மாட்டும் இடத்தில், ஹேண்டில் குழாயின் அடியில், பெயின்டில் மயிரளவு கோடு தெரிந்தால் அது கீறல் இல்லை, வெடிப்பு என்று எண்ணிச் சோதிக்க வேண்டும். பேர்பெற்ற தயாரிப்புக்கும் இது வரும். நெதர்லாந்தில் பாபூ என்ற நிறுவனத்தின் குடும்பச் சைக்கிள்களில் சட்டம் முறிவதாக முறைப்பாடுகள் வந்து, 2024 பெப்ரவரியில் அந்த நாட்டு அரசு அதிகாரசபை விற்பனையையே நிறுத்தச் சொன்னது. இரும்புச் சட்டத்தில் வெடிப்பைக் கண்டால் நல்ல வெல்டர் ஒட்டிப் பலப்படுத்தலாம். அலுமினியச் சட்டத்தை ஊர்க் கடையில் ஒட்டக்கூடாது. வெல்டிங் சூட்டில் அலுமினியம் பலம் இழக்கும், பார்வைக்கு ஒட்டியது போலிருந்து பாரத்தில் விட்டுப்போகும். இந்த ஒரு காரணத்துக்காகவே இங்கே இரும்புச் சட்டம்தான் வாங்க வேண்டும் என்பேன்.

மின்சார மோட்டார் வேண்டுமா? பாரத்தோடு நிறுத்தி நிறுத்தி எடுக்கிறவருக்கும், வயது போனவருக்கும், காற்றுக்கு எதிரே தினமும் போகிறவருக்கும் அது உண்மையான உதவி. 36 வோல்ட், 10 அம்பியர்மணி பெட்டரியில் 360 வாட்மணி மின்சாரம் இருக்கும், அதாவது ஒரு யூனிட்டில் மூன்றில் ஒரு பங்கு அளவு. சார்ஜ் செலவு பெரிதில்லை. பெட்டரி மாற்றும் செலவுதான் பெரிது. பெட்டரியை மீன்பெட்டிக்குக் கீழே வைக்காதீர்கள். பின்சில்லுக்குள் மோட்டார் பூட்டினால் கம்பிகளுக்குப் பாரத்தோடு இழுவையும் சேரும், அதனால் தடித்த கம்பியில் சில்லைக் கட்டிய பிறகுதான் மோட்டார். பெடல் இல்லாமலே ஓடுகிற வகையை எடுப்பதானால், வாகனப் பதிவும் சாரதி அனுமதிப்பத்திரமும் தேவையா என்று மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் கேட்டுவிட்டுக் காசைக் கட்டுங்கள்.

பழைய சைக்கிள் வாங்கப் போகிறவர்கள் விலை பேசுமுன் பின்சில்லைத் தூக்கிச் சுற்றி, றிம்முக்கும் பிறேக்குக்கும் இடையில் பாருங்கள். இடைவெளி கூடிக் குறைந்தால் நெளிவு. டயரைப் பிடித்துப் பக்கத்துக்குப் பக்கம் அசையுங்கள். ஆட்டம் இருந்தால் போல்ஸ் தேய்ந்திருக்கிறது. இந்த இரண்டும் திருத்தக்கூடியவை, அதைச் சொல்லி விலையைக் குறைக்கலாம். முன்சில்லைப் பிடிக்கும் போர்க் பின்னுக்கு வளைந்திருந்தால், அல்லது பின்னால் நின்று பார்க்கும்போது இரண்டு சில்லும் ஒரே கோட்டில் இல்லாவிட்டால், என்ன விலைக்குத் தந்தாலும் பாரத்துக்கு அந்தச் சைக்கிள் வேண்டாம். வெல்டிங் கடைக்குக் கொண்டுபோகும்போது வெறும் சைக்கிளாகக் கொண்டுபோகாமல், நீங்கள் வழக்கமாக ஏற்றும் பெட்டியையும் கேனையும், முடிந்தால் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போங்கள். பாரத்தை வைத்து, நீங்கள் ஏறி இருந்து, குதிக்கால் பெட்டியில் இடிக்கிறதா என்று பெடலைச் சுற்றிப் பார்த்த பிறகு வெல்டர் கரியரின் நீளத்தைக் குறிக்கட்டும்.